நெபலுக்கு நான் கொடுத்த சொல்

சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் ரிட்ரீவர் நாய்களைப் பழக்குகிறவர்களில் ஒரு சிலர், தம் நாயைத் தேடலுக்கு அனுப்பும்போது இன்றும் “பொட்டுவா” என்றே சொல்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற பிறகு நாய்ப்பண்ணையில் என் இடத்துக்கு வந்திருக்கும் ரெகுலா, அண்மையில் இதைப் பற்றிக் கேட்கத் தொலைபேசியில் அழைத்தாள். களத்தேர்வுகளில் எல்லோரும் ஒரே வகையான கட்டளைச் சொற்களைப் பயன்படுத்தினால் நடுவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று பழக்குநர்களிடையே பேச்சு நடக்கிறதாம்.

“ஒருவர் இதை நம் மலைநாட்டு ரொமான்ஷ் மொழி என்கிறார். இன்னொருவர், பழைய ஆங்கில வேட்டைக்காரர்களின் சொல் என்று சத்தியம் செய்கிறார். பண்ணையில் நெடுங்காலம் இருந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியும். அது யாழ்ப்பாணத்துச் சொல். அங்கே யாரும் அதை நாய்க்குச் சொல்வதில்லை” என்றேன்.

ஜெர்மன் மொழியில் எழுதித் தரும்படி கேட்டாள். எழுதிக் கொடுத்தேன், அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதியைத் தமிழில்தான் எழுத முடியும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

தொழிலை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். வேட்டையில் விழுந்த பறவையைத் தேடிக் கண்டுபிடித்து, பல் பதியாமல் கவ்வி, பழக்குநரின் கையில் கொண்டுவந்து கொடுக்கும் நாய்தான் ரிட்ரீவர். அந்தத் திறனைச் சோதிப்பது களத்தேர்வு. எங்கள் தேர்வுகளில் உயிருள்ள பறவையைச் சுடுவதில்லை. முன்பே வேட்டையில் கிடைத்துக் குளிர்ந்துபோன வாத்தை ஒருவர் மறைவிலிருந்து எறிவார். துப்பாக்கி வெறுமனே வெடிக்கும். வாத்து வானில் எழுந்து நாணலுக்குள் விழும். நாய் பழக்குநரின் முழங்காலருகே அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவர் தலையசைத்த பிறகே அதைச் சொல்லால் அனுப்பலாம். அதற்கு முன் அது கிளம்பினால் அன்றைய தேர்வு அதற்கு முடிந்துவிடும். ஓடுவதும் நீந்துவதும் இந்த நாய்களுக்குப் பிறவிக் குணம். அனுமதி வரும்வரை காத்திருப்பதைத்தான் கற்றுக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் நானும் அதையேதான் கற்றுக்கொண்டிருந்தேன்.

நான் சமூகவியலில் பட்டம் பெற்றவன். எண்பதுகளின் நடுப்பகுதியில் அகதியாக சுவிட்சர்லாந்துக்கு வந்து ஆராவ் நகருக்கு அனுப்பப்பட்டேன். வேலை செய்ய அனுமதி கிடைத்தபோது, கூட வந்தவர்கள் உணவகச் சமையலறைகளுக்குப் போனார்கள். நகரத்துக்கு வெளியே, ஆரே ஆற்றின் பழைய கிளையொன்று நாணலுக்குள் தூங்கிக் கிடக்கும் இடத்தில், ஃப்ராவ் லூஷர் (ஃப்ராவ் என்றால் திருமதி) என்ற விதவையின் நாய்ப்பண்ணைக்கு ஒரு கையாள் தேவைப்பட்டது. மூட்டுவாதத்தால் அவருடைய விரல்கள் மடங்கிவிட்டிருந்தன.

“நாய்களுக்குப் பயமா?” என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி.

“ஊரில் பயந்ததில்லை. நாய்கள் இருக்கும் ஒழுங்கைகளில் சைக்கிளைக் கொஞ்சம் விரைவாக மிதிப்பேன், அவ்வளவுதான்” என்றேன், எனக்குத் தெரிந்த அளவு ஜெர்மனில். அவர் சிரித்தார். அன்றே நாய்க்கூடுகளைக் கழுவத் தொடங்கினேன்.

முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கழுவினேன், உணவு கலந்தேன், குட்டிகளைச் சுமந்தேன். பிறகு டம்மி எறியக் கற்றேன். டம்மி என்பது பறவைக்குப் பதிலாகப் பழக்கத்துக்கு எறியும் கான்வாஸ் பொதி. பிறகு விசில் ஊதக் கற்றேன். ஒரு நீண்ட ஊதல் என்றால் நாய் நின்ற இடத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும், குறுகிய ஊதல்கள் என்றால் திரும்பி வரும். ஃப்ராவ் லூஷர் மடக்குக் கதிரையில் கம்பளியால் கால்களை மூடிக்கொண்டு அமர்ந்து திருத்துவார். அவர் ஒரு விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: “ஒன்றும் இல்லாத இடத்துக்கு நாயை அனுப்பாதீர்கள். அது உங்களை நம்பிப் போகிறது.”

அவருடைய நாய்களில் ஒன்று நெபல். ஜெர்மன் மொழியில் அந்தப் பெயருக்கு மூடுபனி என்று பொருள். வெளிர்மஞ்சள் நிறத்து லாப்ரடோர் பெட்டை. கார்த்திகை மாதத்தில் ஆற்றங்கரையில் பத்தடி தள்ளி நின்றால் அவள் இருக்கிறாளா என்று சந்தேகம் வந்துவிடும். கண்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். தானாக எதையும் கேட்காத நாய். அவளைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கட்டளைச் சொல் பற்றிய சிக்கலும் வந்தது. அங்கே எல்லோரும் “அப்போர்ட்”, அதாவது கொண்டுவா, என்பார்கள். என் வாயில் அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக வந்தது. நெபல் தலையைச் சாய்த்து, இரங்கியவள்போல் என்னைப் பார்ப்பாள்.

“உங்கள் மொழியில் சொல்லுங்கள். நாய்க்கு எல்லா மொழியும் அந்நிய மொழிதான்” என்றார் ஃப்ராவ் லூஷர்.

‘போ’ என்று சொல்ல வாயெடுத்தேன். நா எழவில்லை. எங்கள் வீடுகளில் வாசற்படி தாண்டுகிறவர் யாரும் ‘போறன்’ என்பதில்லை. ‘போட்டு வாறன்’ என்போம். போய்விட்டு வருகிறேன் என்பதன் யாழ்ப்பாணத்து வடிவம் அது. வழியனுப்புகிறவரும் ‘போட்டு வா’ என்பாரே தவிர ‘போ’ என்று விடமாட்டார். பழக்கம் என்னை முந்திக்கொண்டது.

“போட்டு வா” என்றேன். நெபல் போனாள், டம்மியோடு வந்தாள்.

“பொருள் என்ன?”

“போய்விட்டு வரவேண்டும் என்பது.”

“அப்படியானால் முழு வேலையும் அதற்குள் இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

வைத்துக்கொண்டோம். பழக்குநர்கள் பொதுவாக அன்றாடப் பேச்சில் வராத சொல்லையே கட்டளைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். இல்லையென்றால் சாப்பாட்டு மேசையில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு நாய் எழுந்து ஓடிவிடும். அந்த எச்சரிக்கை எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல் வேறு யாருடைய வாயிலிருந்தும் வரக்கூடும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. பண்ணையில் நான் ஒருவனே தமிழன். விடைபெற்றுக்கொள்ள எனக்கு அங்கே ஆளில்லை. காலையில் நெபலுக்குச் சொல்வேன், மாலையில் நெபலுக்குச் சொல்வேன். சொல்லப்போனால் அந்த ஆண்டுகளில் அந்த வார்த்தையை நான் அவளைத் தவிர எவரிடமும் உச்சரித்ததில்லை.

எண்பதுகள் முடியும் தறுவாயில் வந்த ஓர் இலையுதிர்காலம். நெபல் களத்தேர்வில் தேறினால்தான் அவளைக் குட்டி ஈன விடலாம் என்பது இனவிருத்திக்கான நிபந்தனை. முந்தைய ஆண்டு அவள் காலில் முள் ஏறியதால் தேர்வுக்குப் போகவில்லை; அடுத்த ஆண்டு முதற்பேறுக்கு வயது கடந்துவிடும். அவளுடைய தாயும் உடன்பிறந்தவையும் இறந்துவிட்டிருந்தன. அந்த வம்சத்தை ஃப்ராவ் லூஷரும் அவர் கணவரும் இளமையிலிருந்து வளர்த்து வந்தார்கள்.

“இவளுக்குக் குட்டி இல்லையென்றால் நான் கூடுகளைப் பூட்டிவிடுவேன். வேறு நாய்களோடு புதிதாகத் தொடங்க எனக்குக் கைகள் இல்லை” என்று அவர் ஒருநாள் விரல்களைக் காட்டிச் சொன்னார். குரலில் புலம்பல் இல்லை. அதனால் எனக்கு அது அதிகமாக வலித்தது.

தேர்வு நாள் ஞாயிற்றுக்கிழமை. இடம் எங்கள் பண்ணைக்கு அருகிலிருந்த அதே நாணற்கரை. விடிந்த பிறகும் விடியவில்லை. ஆற்றிலிருந்து எழுந்த பனி மரங்களை இடுப்போடு அறுத்து வைத்திருந்தது. மனிதர்கள் பேசுவது கேட்கும், முகம் தெரியாது. அந்த வெண்மைக்குள் நிற்கும்போது, நான் சுவிட்சர்லாந்தில் இருக்கிறேனா, வேறெங்காவது இருக்கிறேனா, இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லையா என்ற மயக்கம் வந்தது. அந்த மயக்கம் இனிமையாகவும் இருந்தது. முழங்காலில் நெபலின் வெப்பம் பட்டதால் மட்டும் நின்ற இடம் நிச்சயமாயிற்று.

நடுவர் ஹெர் ஃப்ரை; ஹெர் என்றால் திரு. உயரமானவர், பச்சை மேலங்கி, பேசினால் பறவைகள் கலைந்துவிடும் என்பதுபோல் பேச்சைத் தவிர்ப்பவர். நாய் கொண்டுவந்த வாத்தை அவர் வாங்கும் விதத்தைப் பார்ப்பதற்காகவே சிலர் தேர்வுகளுக்கு வருவார்கள். முதலில் அதன் இறகுகளை உதட்டருகே கொண்டுபோய் மெல்ல ஊதுவார். தோலில் பற்குறி உண்டா என்று பார்ப்பதற்கு. பிறகு எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, கண்களை மூடி, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இருபக்க விலா எலும்புகளையும் ஒருசேரத் தடவி இறங்குவார். எலும்பு நொறுங்கியிருந்தால் நாயின் வாய் கடினம், அது பெருங்குற்றம். குற்றம் கண்டால் உடனே அறிவிக்கமாட்டார். பறவையைப் பழக்குநரிடம் கொடுத்து, “நீங்களும் பாருங்கள்” என்பார். பழக்குநர் தன் விரலால் தானே அறிந்துகொண்ட பிறகுதான் முடிவைச் சொல்வார். சரியாக இருந்தாலும் முகத்தில் எதுவும் தெரியாது.

அன்று எனக்குத் துணையாக ஒருவர் வந்திருந்தார். பக்கத்து ஊரான ஓல்டனின் தொடருந்து நிலையத்து உணவகத்தில் பாத்திரம் கழுவிய சிவம் அண்ணை. சில வாரங்களுக்கு முன் ஆராவ் கடையொன்றில் தற்செயலாகச் சந்தித்து, என் வேலையைப் பற்றிக் கேட்டதிலிருந்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“டிகிரி முடிச்சுப்போட்டு செத்த வாத்துக்கும் நாய்க்கும் நடுவில நிக்கிறீர். வெள்ளிக்கிழமையும் அந்த வாத்தைத் தொடுவீரோ?”

“தொடுவன் அண்ணை. பிறகு முழுகுவன்.”

“இந்தக் குளிருக்கையோ! அப்ப உமக்குப் புண்ணியம்தான்.”

பாணும் சம்பலும் பொதியாகக் கட்டிக்கொண்டு வந்து, கயிற்றுக்கு அப்பால் பார்வையாளர்களோடு நின்றார். அமைதியாக நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். தலையாட்டினார். நெடுநேரம் அப்படியே நின்றார். அவருக்கு அது எளிதான காரியம் அல்ல.

நெபல் நிலத்தில் இருந்த தேடல்களை எல்லாம் குற்றமின்றி முடித்தாள். மிஞ்சியது நீர்த் தேடல் ஒன்று. துப்பாக்கி வெடித்தது; வாத்து பனிக்குள் எழுந்து, மறுகரை நாணலில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. முறைப்படி முதலில் ஹெர் குன்ஸ் என்பவரின் கறுப்பு நாயை அனுப்பினார்கள். அது நீந்தியது, நாணலைக் கலக்கியது, வெகுநேரம் தேடிவிட்டு வெறும் வாயோடு திரும்பியது. ஹெர் ஃப்ரை எங்கள் பக்கம் திரும்பினார். இனி அவர் தலையசைக்க வேண்டும். நெபல் நாணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ராவ் லூஷரின் கதிரை பின்னால் எங்கோ கிறீச்சிட்டது.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், மிகவும் அடக்கிய குரலில், மிகுந்த மரியாதையோடு ஒரு வார்த்தை வந்தது.

“தம்பி, எனக்கு ரெயினுக்கு நேரமாச்சு. போட்டு வாறன்.”

நெபல் போய்விட்டாள்.

வெளிர்மஞ்சள் முதுகு ஒன்று வெண்மைக்குள் கரைவதை மட்டும் கண்டேன். என் கையில் விசில் இருந்தது. அவளைப் போகவிட்டால் வாத்தைக் கொண்டு வந்துவிடுவாள் என்பது எனக்கு நிச்சயம். ஆனால் அனுமதியின்றிக் கிளம்பிய நாய் எதைக் கொண்டுவந்தாலும் பயனில்லை. நீளமாக ஊதினேன். அவள் உட்கார்ந்தாளா, ஓடிக்கொண்டிருக்கிறாளா என்று எவருக்கும் தெரியவில்லை. பனி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு சும்மா இருந்தது.

ஹெர் ஃப்ரை அந்த வெண்மைக்குள் தாமே நடந்து போனார். காலடிச் சத்தம் தேய்ந்து நின்றது. திரும்பி வந்து, “நீரின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். உங்களைப் பார்த்துக்கொண்டு” என்றார்.

குறுகிய ஊதலால் அவளைத் திருப்பி அழைத்தேன். என் முழங்காலருகே வந்து உட்கார்ந்தாள். தான் ஏதோ தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று என் முகத்தைத் தேடினாள்.

“நீங்கள் அனுப்பினீர்களா?” என்று கேட்டார் நடுவர்.

“இல்லை. பின்னால் நிற்கும் என் நண்பர் விடைபெற்றார். அவர் சொன்னதன் தொடக்கமும் என் கட்டளையும் ஒரே வார்த்தை.”

கயிற்றுக்கு அப்பால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். இப்படியொரு சாக்கை அந்தக் களத்தில் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். செய்தித்தாள்களில் தமிழர்களைப் பற்றி வாசகர்கள் ஏதேதோ எழுதிய காலம் அது. இந்தப் புல்வெளியில் நிற்கும் பெரும்பாலோருக்கு நேரில் பழகிய முதல் தமிழன் நான்தான். என்னைப் பொய்யன் என்று நினைத்தால் அது என்னோடு நிற்காது. எனக்குப் பின்னால் வேலை கேட்டு வரும் இன்னொருவனின் வாசலிலும் போய் நிற்கும். அதைத்தான் அப்போது நினைத்தேன். நெபலின் குட்டிகளை அதற்குப் பிறகுதான் நினைத்தேன்.

ஹெர் ஃப்ரை நெபலைப் பார்த்தார். “பரபரப்பில் கிளம்பிய நாய் வேறு. சொல்லுக்குக் கிளம்பிய நாய் வேறு. பார்க்கலாம். உங்கள் நண்பரை மறுபடி சொல்லச் சொல்லுங்கள்.”

சிவம் அண்ணையைக் கயிற்றுக்கு இப்பால் அழைத்தார்கள். பச்சை அங்கிக்காரரைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. சட்டைப்பைக்குள் கை போயிற்று. பொலிஸ் என்று நினைத்து வதிவிட அனுமதி அட்டையைத் தேடுகிறார் என்று புரிந்தது.

“தம்பி, நான் ஒண்டும் சொல்லேல்லை. சத்தியமாச் சொல்லேல்லை.”

“பிரச்சினை ஒண்டும் இல்லை அண்ணை. முந்திச் சொன்னதைத் திருப்பிச் சொல்லட்டாம்.”

“என்னத்தை?”

நான் எப்படிச் சொல்வேன்? நெபல் என் முழங்காலில் சாய்ந்திருந்தாள். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

“வெளிக்கிடேக்க சொன்னியள், அது.” கிளம்பும்போது சொன்னதைத்தான் கேட்டேன்.

அண்ணை நடுவரை நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமி, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நிற்பவர்போல், “நான் வெளிக்கிடுறன்” என்றார்.

நெபல் அசையவில்லை. ஹெர் ஃப்ரையின் புருவம் உயர்ந்தது.

“அதில்லை அண்ணை. மற்றது.”

“மற்றதெண்டா?” மேலும் பதற்றமாகி, “நான் போறன்” என்றார். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். “சீ, என்ன சொல்லு சொல்ல வைக்கிறீர் காலங்காத்தால!”

நெபல் கொட்டாவி விட்டாள். பின்னால் சிரிப்பு பலத்தது. ஹெர் குன்ஸ், “போதும் என்று நினைக்கிறேன்” என்றார். எனக்குக் காதுமடல்கள் எரிந்தன.

“அண்ணை, அமைதியாக் கேளுங்கோ. வீட்டில இருந்து வெளிக்கிடேக்க அம்மாட்டை என்ன சொல்லிப்போட்டு வெளிக்கிடுவியள்?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அம்மாவைக் கொண்டுவந்து இந்தப் பனிக்குள் ஏன் நிறுத்துகிறாய் என்பதுபோல. பிறகு முகத்தில் இருந்த பயம் தானாக வடிந்தது. வழக்கமான, வீட்டு வாசலின் குரல் வந்தது.

“அதோ? அம்மா, போட்டு வாறன் எண்டுதான்…”

நெபல் அம்புபோல் போனாள்.

இந்த முறை நான் ஊதவில்லை. ஹெர் ஃப்ரை கையை உயர்த்தி என்னைத் தடுத்திருந்தார். நீரில் விழும் சத்தம்; நீந்தும்போது மூக்கால் விடும் அந்தச் சீரான மூச்சு; நாணல் விலகும் சரசரப்பு; பிறகு எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அது நேரமாகவே இருக்கவில்லை. ஏதோ ஒரு பெரிய வீட்டின் வாசலில் நாங்கள் எல்லோரும், நடுவரும் குன்ஸும் கதிரையில் அந்த அம்மையாரும் சிவம் அண்ணையும் நானும், வெளியே போன ஒருவருக்காகக் காத்து நிற்பதுபோல் இருந்தது. பிறகு வெண்மையில் ஓரிடம் கொஞ்சம் மஞ்சளாயிற்று. வாயில் வாத்தோடு வந்து, என் முன்னால் உட்கார்ந்து, தலையை உயர்த்திக் கொடுத்தாள். கறுப்பு நாய் தவறவிட்ட அதே வாத்து.

ஹெர் ஃப்ரை அதை வாங்கினார். ஊதினார். திரும்பி நின்று கண்களை மூடித் தடவினார். என்னிடம் தரவில்லை, அதாவது குற்றமில்லை.

“இதை நீங்கள் மனிதர்களிடம் சொல்வீர்களா?” என்று கேட்டார், எங்கள் பக்கம் திரும்பாமலே.

“ஆம். பிரியும்போது. ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. திரும்பி வருவதையும் சேர்த்தே சொல்வோம்.”

“இத்தனை ஆண்டுகள் இங்கே யாரிடம் சொல்லிவந்தீர்கள்?”

“நாயிடம்.”

அவர் வாத்தின் இறகுகளை ஒருமுறை நீவிவிட்டார். ஃப்ராவ் லூஷர் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். என்மேல் இரக்கம் பிறந்துவிட்டது என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

“ஹெர் ஃப்ரை, இதற்காக எனக்கு ஒரு புள்ளியும் தர வேண்டாம். இரக்கத்தால் தேறியவள் என்று அவளைப் பற்றிப் பேசக்கூடாது.”

“மதிப்பெண் தாளில் அதற்கு இடமில்லை” என்றார் அவர், வறட்சியாக.

ஹெர் குன்ஸ் மறுப்புத் தெரிவித்தார். கயிற்றுக்கு வெளியிலிருந்து வந்த குரல் கணக்கில் வருமென்றால், தன் மைத்துனனும் நாளை கத்தலாமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

ஹெர் ஃப்ரை அன்று பேசியவற்றில் நீளமானது இதுதான்: “முதல் முறை அவளை ஒரு பார்வையாளர் தற்செயலாக அனுப்பினார். அவள் பரபரப்பில் பாயவில்லை. சொல்லுக்குப் போனாள், ஊதலுக்கு நின்றாள். அதை நான் நேரில் பார்த்தேன். மற்ற வார்த்தைகளுக்கு அவள் அசையவில்லை என்பதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இரண்டாம் முறை அந்த மனிதரைப் பேசச் சொன்னவன் நான். ஆகவே அவள் நடுவரின் விருப்பப்படி அனுப்பப்பட்டாள். குற்றம் நாயினுடையது அல்ல. அன்றாடம் புழங்கும் வார்த்தையைக் கட்டளையாக வைத்தது பழக்குநரின் தவறு. அதற்குரியதைக் குறைக்கிறேன். தேறினாள், கடைசித் தரத்தில்.”

குன்ஸ் என்னிடம் வந்தார். எனக்குக் கை கொடுத்தார். நெபலுக்கும் கை கொடுத்தார்.

சிவம் அண்ணை தொடருந்தைத் தவறவிட்டிருந்தார். ஃப்ராவ் லூஷர் தமது பழைய வாகனத்தில் அவரை ஓல்டன்வரை கொண்டுபோய் விடும்படி என்னிடம் சாவியை நீட்டினார். என்னிடம் ஓட்டுநர் அனுமதி இல்லை என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கடைசியில் ஹெர் குன்ஸ்தான் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சரியாக உச்சரிக்கக் கற்றுத் தரும்படி கேட்டு அண்ணையின் உயிரை வாங்கினாராம்.

“நல்ல மனுசன்தான். ஆனா சொல்லிச் சொல்லி அதைப் பொட்டுவா ஆக்கிப்போட்டான்” என்றார் அண்ணை.

வசந்தத்தில் நெபல் குட்டிகளை ஈன்றாள். கூடுகள் பூட்டப்படவில்லை. குட்டிகளைக் கொண்டுபோனவர்களுக்கு ஃப்ராவ் லூஷர் உணவு முறையோடு கட்டளைச் சொல்லையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார். அன்றாடப் பேச்சில் கலந்துவிடும் என்ற கவலை ஆர்காவில் எவருக்கும் இருக்கவில்லை. ஒரு பெட்டைக்குட்டி குன்ஸ் வீட்டுக்குப் போயிற்று. ரொமான்ஷ் மொழி என்றும் ஆங்கிலம் என்றும் இன்று சொல்லப்படுவது அங்கிருந்து பரவியதுதான்.

பிற்காலத்தில் நான் ஹெர் ஃப்ரைக்கு உதவி நடுவராக நடந்தேன். அதற்குப் பின் தனியாகவும் தீர்ப்புச் சொன்னேன். விலா எலும்புகளை நானும் கண்மூடித்தான் தடவினேன். ஒன்று மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்ட வழக்கம்: தேர்வு தொடங்கும் முன் ஒவ்வொரு பழக்குநரிடமும், “எந்தச் சொல்லால் அனுப்புவீர்கள்?” என்று கேட்பேன். இளையவர்கள் அதை ஒரு கிழவனின் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு தீர்ப்பு நாயோடு முடிவதில்லை. அதைப் பழக்கியவனின் தனிமையும் அதற்குள் எங்கோ இருக்கலாம். ரெகுலாவுக்கு எழுதிய அரைப் பக்கத்தில் நான் வேண்டிக்கொண்டதும் இதுவே. சொற்களை ஒன்றாக்க விரும்பினால் ஆக்குங்கள். அதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேளுங்கள்.

நான் பண்ணையை விட்ட நாளும் பனி நாள்தான். ஃப்ராவ் லூஷர் காலமாகி நெடுநாளாயிற்று. கூடுகளெல்லாம் கழுவியாயிற்று. முற்றத்தில் அல்மா மட்டும் வெளியே இருந்தாள். நெபலின் வம்சத்தில் வந்த வயதான பெட்டை, அதே நிறம். என்னை அழைத்துப்போகச் சிவம் அண்ணை வாகனத்தோடு வந்திருந்தார். அந்தத் தேர்வு நாளுக்குப் பிறகு அவர் பண்ணைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார். ஒருமுறைகூட வாய்திறந்து விடைபெற்றதில்லை. வாசற்படலையில் நின்று கையை மட்டும் காட்டுவார்.

“அவளிட்டைச் சொல்லும்” என்றார்.

“சொன்னா ஓடுவாள் அண்ணை.”

“ஓடட்டுமே. திரும்பி வருவாள்தானே?”

வருவாள். அதற்காகவே அன்று காலையில், எவரும் பார்க்காத வேளையில், ஆற்றோரப் புல்லுக்குள் ஒரு டம்மியை வைத்துவிட்டு வந்திருந்தேன். அல்மா என் முழங்காலருகே வந்து உட்கார்ந்து, முன்னால் இருந்த வெண்மையைப் பார்த்தாள்.

“போட்டு வாறன்” என்றேன்.

அவள் மெதுவாகத்தான் எழுந்தாள், போகப் போக வேகம் பிடித்தாள், மறைந்தாள். நாயை அனுப்பியவன், அது திரும்பும்வரை நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது. நின்றேன். பயணம் சொல்லி விடைபெற்றவன் நான். போய்விட்டு வரப்போவது அவள்.

வாகனத்தின் கதவைத் திறந்து பிடித்தபடி, அண்ணையும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாறாளோ, தம்பி?”

“இன்னும் இல்லை அண்ணை.”

“அவசரமில்லை” என்று சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.